முனியாண்டிக்கு நேர்ந்த கிடாவும் அவசர சிகிச்சை வரிசையும்

1

எனக்கு நீல அடையாள அட்டை கிடைத்து இந்த ஆடியோடு ஒரு வருஷம் முடிகிறது. நம்மூரான துறையூர்ப் பக்கம் இருக்கிற உங்களுக்கு அட்டையில் நிறம் பார்க்கிற வழக்கம் விளங்காது. இந்த மலாய் நாட்டின் பிரஜைக்கு நீலம், வந்து தங்கியவளுக்குச் சிவப்பு. கல்யாணம் கட்டி கோலா சாவா தோட்டத்துக்கு வந்து, ரப்பர்ப் பால்மரம் வெட்டி, பிள்ளை பெற்று, புருஷனைக் காட்டுக்கு அனுப்பி, பல் பாதி கொட்டிய பிறகும் நான் சிவப்பாகவே இருந்தேன். ஆள் கறுப்பு, அட்டை சிவப்பு. தீபாவளிக்குப் புடவை எடுக்கத்தான் அந்தச் சேர்க்கை உதவும்.

எத்தனை முறை மனுப் போட்டேன் என்பதை எண்ணுவதை விட்டுவிட்டேன். ஒவ்வொரு முறையும் சிரம்பானில் ஒரு பெஞ்சு, ஒரு நம்பர், கண்ணாடிக்குப் பின்னால் ஒரு முகம். முகம் மட்டும் மாறும். என் மலாய், மரம் வெட்டிப் பழகிய மலாய். ‘வெட்டு’, ‘சீக்கிரம்’, ‘முடிஞ்சது’ இந்த மூன்றையும் வைத்து ஒரு தோட்டத்தையே ஓட்டிவிடலாம், நேர்முகத் தேர்வை ஓட்ட முடியாது. அதிகாரி இந்த நாட்டின் மேல் எனக்குள்ள பற்றைப் பற்றிக் கேட்டார். நான் ‘சீக்கிரம் முடிஞ்சது’ என்று சொன்னேன்.

அன்றைக்குத் திரும்பும் வழியில் தோட்டத்து முனியாண்டி கோயிலில் இறங்கினேன். நாங்கள் குடியிருந்த லயங்களை இடித்து எண்ணெய்க்குச் செம்பனை நட்டபோது கோயிலை மட்டும் விட்டுவைத்தார்கள். முனியாண்டியும் நம்மூரிலிருந்து கப்பலேறி வந்தவர்தான். அவரிடம் யாரும் அட்டை கேட்டதில்லை. “என் அட்டையை நீலமாக்கு, கிடைத்த ஒரு வருஷத்துக்குள் கறுப்புக் கிடா ஒன்று தருகிறேன்” என்று நேர்ந்துகொண்டேன். அடுத்த மனுவில் கிடைத்துவிட்டது. சாமி வேலை பார்த்தாரா, அதிகாரிக்கு என் மலாயை இன்னொரு முறை கேட்கத் தெம்பில்லையா, தெரியாது. ஆனால் கிடாக் கடன் கிடாக் கடன்தான்.

2

குட்டியாக வாங்கி வீட்டுக்குப் பின்னால் கட்டி வளர்த்தேன். உடம்பில் ஒரு வெள்ளை முடி கிடையாது. நேர்ந்த ஆட்டுக்கு ஒரு குறையும் இருக்கக் கூடாது, காது கிழிந்தால்கூடப் பூசாரி வாங்க மாட்டார். பெயரும் வைக்கவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டதைக் குழம்பில் போட்டுச் சாப்பிடுவது கஷ்டம்.

பினாங்கில் வேலை பார்க்கும் என் பேத்திக்கு இதெல்லாம் விளங்காது. வாரத்துக்கு ஒரு முறை ஃபோனில் முகம் காட்டுவாள். என் முகத்தை ஒரு நிமிஷம் பார்ப்பாள், மீதி நேரம் ஆட்டைக் காட்டச் சொல்வாள். இங்கிலீஷில் அதைக் கொஞ்சுவாள். தமிழில் என்னிடம், “சாப்பிட்டீங்களா பாட்டி?” என்று கேட்பாள். அவளுக்கு மிச்சமிருக்கும் தமிழ் அவ்வளவுதான். பதிலுக்குக் காத்திருக்க மாட்டாள்.

கோயில் திருவிழாவுக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கும்போது, ஒரு ஞாயிற்றுக்கிழமை கிடா கயிற்றை அறுத்துக்கொண்டு பின்கட்டுக்குள் வந்துவிட்டது. இட்டிலிக்கு ஊறப்போட்டிருந்த அரிசியையும் உளுந்தையும் பேசினோடு நக்கி முடித்தது. மதியத்துக்கு மேல் அதன் இடது வயிறு எழும்பி நின்றது. தட்டினால் உறுமி மேளம் மாதிரிச் சத்தம். பல்லை நறநறவென்று கடித்தது.

நம்மூரில் ஆட்டுக்கு வயிறு உப்பினால் தெருவே கூடிவிடும். ஒருவர் எண்ணெய் ஊற்றச் சொல்வார், ஒருவர் ஓட்டச் சொல்வார், ஒருவர் வாயில் குச்சியைக் குறுக்கே கட்டச் சொல்வார். எல்லாருடைய பேச்சையும் கேட்டு முடிப்பதற்குள் ஆடு போய்விடும். அதுவும் ஒரு வசதிதான், யாரையும் குறை சொல்ல முடியாது. இங்கே தெரு கூடாது. என் மகன் செல்வம் ஃபோனில் தேடிவிட்டு, “அரசாங்க கால்நட ஆபீஸு ஞாயித்துக்கெழம மூடிருக்கும்மா. சிரம்பான்ல நாய், பூனைக்கு எமர்ஜன்சி கிளினிக் ஒண்ணு தொறந்திருக்கு” என்றான்.

“ஆட்டைப் பாப்பாங்களா?”

“நாலு காலு இருக்குல்ல. போய்க் கேப்போம்.”

வேனில் ஏற்றினோம். மம்பாவ் சாலையில் சிவப்பு விளக்குக்கு நின்றபோது பக்கத்துக் காரில் இருந்த சின்னப் பிள்ளை எங்கள் கிடாவுக்குக் கையாட்டியது. கிடா அதற்குப் பதில் சொல்லும் நிலையில் இல்லை.

3

அந்தக் கிளினிக்கை நீங்கள் பார்க்க வேண்டும். என் நான்கு பிரசவமும் நடந்த தோட்டத்து ஆஸ்பத்திரியில் மின்விசிறி கிடையாது. இங்கே பூனைக்குத் தனி அறை, நாய்க்குத் தனி அறை, இரண்டுக்கும் குளிர்சாதனம். நாயைப் பார்த்தால் பூனை மனம் கலங்குமாம். சுவரில் பெரிய டிவி, அதில் நோயாளிகளின் பெயர் வரிசையாக ஓடுகிறது.

கவுண்டரில் நம் பெண் ஒருத்தி, மாலினி என்று சட்டையில் எழுதியிருந்தது. கெட்டிக்காரி, சிரித்த முகம்.

“வாங்க பாட்டி. இப்ப புது சிஸ்டம். முன்ன மாதிரி வந்த வரிசையில பாக்கறது இல்ல. ரொம்ப முடியாததுக்கு சிவப்பு பட்டை, உடனே உள்ள போகும். கொஞ்சம் முடியாததுக்கு மஞ்சள். காத்திருக்கலாம்னா பச்சை. சரியா? நாயா, பூனையா?”

“ஆடும்மா.”

அவள் கணினியைப் பார்த்தாள். “சிஸ்டத்துல ஆடு இல்ல பாட்டி. நாய், பூனை, முயல், பறவை, ‘மற்றவை’. மற்றவைல போடறேன். பேரு?”

“பேரெல்லாம் இல்லம்மா.”

“பேரு இல்லாம அடுத்த பக்கம் போவாது.”

செல்வம் அவசரத்தில், “முனியாண்டி கிடா” என்றான். அவள் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டாள். டிவியில் ரோஸிக்கும் மில்லோவுக்கும் கீழே முனியாண்டி என்று வந்தது.

“எப்படி இருக்கு பாட்டி முனியாண்டிக்கு? ரொம்ப மோசமா?”

இந்த இடத்தில்தான் நான் கெட்டிக்காரத்தனம் பண்ணினேன். தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரஸர் ஐயா என்று ஒருவர் இருந்தார். அவர்தான் எங்களுக்கு டாக்டர். ரொம்ப முடியவில்லை என்று யாராவது முனகினால், வேலைக்கு டிமிக்கி என்று முடிவு பண்ணி, ஒரு கசப்புத் தண்ணியைக் குடிக்கக் கொடுத்து மரம் வெட்ட அனுப்பிவிடுவார். “ஒண்ணுமில்லைங்கய்யா, லேசாத்தான்” என்று சொல்லிவிட்டுச் சுவரில் சாய்ந்து நின்றால் பயந்துபோய் நாடி பிடிப்பார். ஆகவே தோட்டத்தில் முதலில் உள்ளே போகத் தெரிந்தவர்கள் எல்லாரும் ஒன்றுமில்லை என்றுதான் சொல்வார்கள். என் மாமியார் அதில் பெரிய வித்துவான். ஜன்னி கண்டு கிடந்தபோதும் ஒன்றுமில்லை என்று சொல்லியே ஆஸ்பத்திரிக் கட்டிலைப் பிடித்தார்.

நான் கவுண்டரில் சாய்ந்துகொண்டு, “ஒண்ணுமில்லம்மா. லேசா வயித்துல காத்து, அவ்வளவுதான்” என்றேன்.

மாலினி சந்தோஷமாகத் தலையாட்டிப் பச்சைப் பட்டையைக் கிடாவின் காலில் கட்டினாள்.

எனக்குப் பின்னால் ஒரு சீனத்து அம்மா கைக்குள் அடங்கும் ஒரு நாய்க்குட்டியோடு வந்தார். “செத்துட்டான், செத்துட்டான்” என்று மலாயில் கதறினார். செத்தவன் வாலை ஆட்டிக்கொண்டு என் புடவையை மோந்து பார்த்தான். அவனுக்குச் சிவப்புப் பட்டை கிடைத்தது, உள்ளே போனான்.

செல்வம் என் காதில், “ஏம்மா ஒண்ணுமில்லன்னு சொன்ன?” என்றான்.

“உனக்குத் தெரியாதுடா, சும்மா இரு. இப்பக் கூப்பிடுவாங்க பாரு.”

கூப்பிடவில்லை. பொறுமை ஒன்றுதான் எனக்கு அரசாங்கச் செலவில் கிடைத்த படிப்பு, அதனால் உட்கார்ந்திருந்தேன். காத்திருப்பவர்களுக்குக் காப்பி கொடுத்தார்கள். பிஸ்கட் கொடுத்தார்கள். மனநிறைவா என்று கேட்டு, சிரிக்கிற முகமும் அழுகிற முகமும் போட்ட ஒரு பலகையை நீட்டினார்கள். ஆட்டைத் தவிர எல்லாரையும் நன்றாகக் கவனித்தார்கள். பேத்தி செல்வத்தின் ஃபோனுக்கு அழைத்து, காப்பியைப் பார்த்துவிட்டு, கிளினிக்குக்கு இணையத்தில் ஐந்து நட்சத்திரம் போடச் சொன்னாள்.

அப்போது கிடா நாக்கை வெளியே தள்ளியது. முன்கால் இரண்டையும் மடக்கி, சறுக்கினாற்போல் தரையில் உட்கார்ந்தது.

மாலினி கவுண்டரைச் சுற்றிக்கொண்டு ஓடி வந்தாள். அதன் வயிற்றில் கையை வைத்தாள், அவள் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது.

“பாட்டி, ஒண்ணுமில்லன்னு சொன்னீங்களே.”

“ரொம்ப முடியலன்னா அப்படித்தாம்மா சொல்லுவோம்.”

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பச்சைப் பட்டையைக் கடித்து அறுத்துவிட்டுச் சிவப்பைக் கட்டினாள். ஒலிபெருக்கியில், “முனியாண்டி, இரண்டாவது அறை” என்று அறிவிப்பு வந்தது. மூலையில் பூனையோடு உட்கார்ந்திருந்த நம்ம ஆள் ஒருவர் எழுந்து கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

4

டாக்டர் மலாய்க்காரப் பெண், முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு தரையிலேயே மண்டியிட்டார். கம்பத்தில், அதாவது மலாய்க் கிராமத்தில், வளர்ந்தவர் என்பது ஆட்டின் கொம்பைப் பிடித்த பிடியிலேயே தெரிந்தது. வாய் வழியாகக் குழாயை விட்டார். காற்று வர வேண்டிய குழாயில் நுரை வந்து அடைத்தது. எடுத்துக் கழுவி மறுபடி விட்டார். மறுபடி நுரை.

டாக்டர் மலாயில் சொன்னதை மாலினி எனக்குத் தமிழில் சொன்னாள். “வயித்துக் காத்து நுரையீரல அமுக்குது பாட்டி. இடது பக்கம் ஓட்டை போட்டுக் காத்த எறக்கணும். இல்லன்னா மூச்சு நின்னுரும்.”

நான் கேட்ட முதல் கேள்வி, “தழும்பு தெரியுமா?” என்பது.

மாலினி அதை மலாயில் சொன்னாள். டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். “நாசாரா, மக்சிக்?” என்று மெதுவாகக் கேட்டார். நாசார் என்றால் அவர்கள் பாஷையில் நேர்த்திக்கடன், மக்சிக் என்றால் பெரியம்மா. நான் தலையாட்டினேன்.

“எங்களுக்கும் அப்படித்தான். குறை இருந்தால் கொடுக்க முடியாது,” என்றார் மலாயில். அது எனக்கு மொழிபெயர்ப்பு இல்லாமலே விளங்கியது. “நீங்கள்தான் சொல்ல வேண்டும். சீக்கிரம் சொல்லுங்கள்.”

செல்வம் என்னை ஓரமாக இழுத்தான். அவன் முகத்தில் வியர்வை.

“மா, நான் சொல்றதக் கேளு. இப்பவே தூக்கி வேன்ல போட்டா உயிரோட கோயிலுக்குப் போயிரலாம். பூசாரிக்கு ஃபோன் போடறேன். இன்னிக்கே வெட்டிரலாம். ஓட்டை இல்ல, தழும்பு இல்ல. நேர்த்தி முடிஞ்சிரும்லா.”

அவன் சொன்னதில் தப்பில்லை. ஒரு வருஷக் கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. இன்னொரு கிடாவை வாங்கலாம்தான், ஆனால் நேர்ந்துவிட்டு வளர்த்தது இதுதான், சாமிக்கும் அது தெரியும். கொடுக்காமல் போனால் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது. ராத்திரியோடு ராத்திரியாக அட்டை சிவந்துவிட்டால் நான் எந்த பெஞ்சில் போய் உட்காருவேன்? சிரிக்காதீர்கள். வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கச் சொல்வார்களோ என்ற பயம், வந்து தங்கியவளுக்கு அட்டை எந்த நிறமானாலும் போகாது.

கிடா என் கால்மாட்டில் கிடந்தது. மூச்சு ஒரு பக்கம் போனால் திரும்பி வரலாமா வேண்டாமா என்று யோசித்தது. கோயிலுக்குப் போகும் வழியில் அது செத்தால் சாமிக்கும் இல்லை, ஆட்டுக்கும் இல்லை. சாகாமல் போய்ச் சேர்ந்தால், மூச்சுக்குத் தவிக்கிற ஒன்றைச் சாமி முன்னால் தூக்கிப் பிடித்து வெட்ட வேண்டும்.

“அது நேர்த்தி இல்லடா. அவசரம்” என்றேன்.

“அப்ப சாமிக்கு?”

“சாமிகிட்ட நான் பேசிக்கிறேன். நீ காலப் பிடி.”

டாக்டரைப் பார்த்து, எனக்குத் தெரிந்த மலாயில் இரண்டு வார்த்தை சொன்னேன்: வெட்டு, சீக்கிரம். தோட்டம் சொல்லிக்கொடுத்த பாஷை அன்றைக்குத்தான் சரியான இடத்தில் போய் விழுந்தது.

முடியை மழித்து, மருந்து தடவி, பேனா மாதிரி ஒன்றைச் சொருகினார். லாரி டயரில் காற்று இறங்குகிற மாதிரி உஸ்ஸென்று சத்தம். அந்த நாற்றத்தை நான் எழுதப்போவதில்லை, நீங்கள் சாப்பிட்டுவிட்டுப் படிப்பீர்கள். கிடா கண்ணைத் திறந்தது. செல்வம் கொஞ்ச நேரம் அதன் காலைப் பிடித்தபடியே இருந்தான். விடலாம் என்று டாக்டர் இரண்டு முறை சொன்ன பிறகுதான் விட்டான்.

5

இரண்டு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். இடது பக்கத்தில் முடி இல்லாத வட்டம், நடுவில் தையல். எனக்குப் பார்க்கும்போதெல்லாம் மனம் கலங்கியது. ஆனால் அதைவிடப் பெரிய தொல்லை கிளினிக்கிலிருந்து வந்தது.

வாடிக்கையாளர் மனநிறைவு என்று அவர்களுக்கு ஒரு பிரிவு இருக்கிறது. அந்தப் பிரிவும் மாலினிதான். வாராவாரம் ஃபோன் போடுவாள்.

“பாட்டி, முனியாண்டி எப்படி இருக்கான்?”

“இருக்காம்மா.”

“நல்லா சாப்பிடறானா? அசை போடறானா? ஒண்ணுமில்ல, லேசாத்தான்னு சொல்லாதீங்க, நான் நம்ப மாட்டேன்.”

வாயாடி. எனக்குப் பிடித்துப்போயிற்று. எங்கள் சேவையில் என்ன குறை என்று அவள் ஒரு நாள் கேட்டபோது சொன்னேன்: “கொறை என்னம்மா, காப்பி நல்லாருந்துச்சு. எங்களுக்குக் குடுத்த காப்பி நேரத்துல ஆட்டு வயித்துல ஒரு கைய வச்சிருக்கலாம்.”

“டாக்டரும் அன்னிக்கே என்னைத் திட்டிட்டாங்க பாட்டி. இப்பல்லாம் வாசல்லயே தொட்டுப் பாத்துட்டுத்தான் பட்டை கட்டறோம். அப்பறந்தான் ஆளுங்ககிட்ட கேள்வி. சிஸ்டத்துலயும் ஆடு போட்டாச்சு.”

“கத்தற அம்மாக்கு?”

“அவங்களுக்குக் காப்பி.”

இதெல்லாம் சரி. ஆனால் திருவிழா முடிந்த அடுத்த வாரமும் இவள் ஃபோன் போடுவாளே? முனியாண்டி எப்படி இருக்கான் என்று கேட்பாளே? என்ன சொல்வது? நன்றாக இருந்தான், கொஞ்சம் எலும்பு அதிகம் என்றா? இந்த வயதில் எனக்கு இப்படி ஒரு இக்கட்டு. அரசாங்கக் கவுண்டர்களில் இந்தத் தொல்லையே கிடையாது. நீ எப்படி இருக்கிறாய் என்று பிறகு ஃபோன் போட்டு அங்கே யாரும் கேட்டதில்லை.

6

திருவிழா அன்று செம்பனைக்கு நடுவில் கூடாரம் போட்டு, ஊர் ஊராகப் போய்விட்ட தோட்டத்து ஜனங்கள் கார்களில் வந்து இறங்கினார்கள். செல்வமும் நானும் கிடாவோடு போனோம். எங்கள் பூசாரி பக்கத்து ஊரான லாபுவில் டயர் கடை வைத்திருப்பவர், திருவிழாவுக்கு மட்டும் சாமியாவார். மாலையைப் போடப் போனவர் இடது பக்கத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். முடி வளர்ந்திருந்தாலும் விரலுக்குத் தழும்பு தட்டியது.

“என்னக்கா இது? பஞ்சர் போட்ட மாரி இருக்கு.”

நடந்ததைச் சொன்னேன். சுற்றி நின்றவர்கள் ஆளுக்கொரு தீர்ப்பு சொன்னார்கள். பிறவிக் குறை இல்லை, வைத்தியத்தில் வந்தது, செல்லும் என்றார் ஒருவர். ரத்தம் பார்த்த ஆடு செல்லாது என்றார் இன்னொருவர். ஊனம் என்றால் தன் இரண்டு மூட்டும்கூட வைத்தியத்தில் வந்ததுதான் என்றார் ஒரு கிழவர், அவர் பேச்சை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

பூசாரி கடைசியில், “எதுக்கு வம்பு? சாமியையே கேட்டுருவோம். தண்ணி தெளிக்கிறேன். உடம்ப சிலுப்புனா சாமிக்குச் சம்மதம், தழும்போட ஏத்துக்கிறாருன்னு அர்த்தம். வெட்டிருவோம். சிலுப்பலன்னா ஆடும் ஒனக்குத்தான், கடனும் தீந்துச்சு. சரியா?” என்றார்.

“சாமி சொன்னா சரிதான்” என்றேன்.

மஞ்சள் தண்ணீரைச் சொம்பில் எடுத்தார். உறுமி நின்றது. செல்வம் கயிற்றை இரண்டு கையாலும் பிடித்தான். எத்தனையோ கிடாக்களை நான் அந்த இடத்தில் பார்த்திருக்கிறேன். தண்ணீர் முதுகுத் தோலில் சில்லென்று இறங்கியதும் தலையிலிருந்து வால் வரை உதறும், ஜனங்கள் குலவையிடும், கத்தி இறங்கும். அவ்வளவு நேரம்தான் எடுக்கும்.

பூசாரி தலையில் தொடங்கி வால் வரை ஊற்றினார். தண்ணீர் முத்து முத்தாக உருண்டு இரண்டு பக்கமும் வழிந்து தரைக்கு ஓடியது. கிடா நின்றது. என் முந்தானையை மென்றுகொண்டிருந்தது.

“இன்னொரு சொம்பு” என்றார் யாரோ.

ஊற்றினார். ஓடியது. கிடா மென்றது.

மூன்றாவது சொம்புக்கு எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நானும்தான். கிடா ஒரு காதை மட்டும் லேசாக ஆட்டியது. பூசாரி குனிந்து பார்த்தார்.

“காது கணக்கில்ல” என்று செல்வம் சொன்னான். எங்கள் வீட்டில் அவன்தான் நேர்த்தியை முடித்துவிட வேண்டும் என்று அலைந்தவன்.

பூசாரி சொம்பைக் கீழே வைத்தார். “சாமிக்கு வேணாமாம்க்கா. கூட்டிட்டுப் போ” என்றார். நான் முனியாண்டி முன்னால் விழுந்து கும்பிட்டேன். எழுந்திருக்க இரண்டு பேர் கை கொடுக்க வேண்டியிருந்தது.

திரும்பும்போது செல்வம்தான் வேனை ஓட்டினான். செம்பனை வரிசை முடிந்து தார் ரோடு வந்ததும் கண்ணாடி வழியாகப் பின்னால் நிற்கும் கிடாவைப் பார்த்தான். வெயிலில் அதன் முதுகு பளபளவென்று மின்னியது.

“மா.”

“என்னடா?”

“முந்தாநாளு வாங்கின நல்லெண்ண போத்தலு காலியா கெடக்குன்னு என் பொண்டாட்டி காலையில கேட்டுட்டு இருந்தா.”

“முட்டி வலி. காலையில எடுத்துத் தேச்சேன்.”

“யாரு முட்டிக்கும்மா?”

“ரோட்டப் பாத்து ஓட்டு” என்றேன்.